இரட்டை லீவர்: டிரான்ஸ்ஃபர் கேஸைத் திறந்து பார்த்தால்

இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் எம்பி ஜீப்பில் ஓட்டுநரின் வலது கைப்பக்கம் தரையிலிருந்து மூன்று கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். நீளமானது கியர் லீவர். மற்ற இரண்டும், கியர்பெட்டியின் சக்தியை முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு உரியவை: ஒன்று முன் ஆக்ஸிலைச் சேர்க்கவும் விலக்கவும், இன்னொன்று ஹை ரேஞ்சுக்கும் லோ ரேஞ்சுக்கும் மாறவும். லீவர்கள் இரண்டு இருந்தாலும், ஓட்டுநர் நினைத்தபடி அவற்றை நகர்த்திவிட முடியாது. முன் ஆக்ஸிலைச் சேர்க்காமல் லோவுக்குப் போக நினைத்தால் கம்பி அசையாது. கேஸுக்குள் இருக்கும் ஒரு சின்ன உருக்குத் துண்டு அதைத் தடுத்து நிற்கும்.

ஆஃப்ரோடு வண்டிக்காரர்கள் பல பத்தாண்டுகளாகக் கழற்றுவதும் தேய்ப்பதும் மறுபடி பூட்டுவதும் அந்தத் துண்டைத்தான். முன் ஆக்ஸிலையும் பின் ஆக்ஸிலையும் தனித்தனி லீவரால் ஹை, நியூட்ரல், லோ என்று மூன்று நிலைக்கும் கொண்டுபோக வேண்டும் என்பது அவர்கள் ஆசை. இதற்குப் பெயர் ட்வின் ஸ்டிக். வெளியே தெரிவது இரண்டு கம்பிகளும் இரண்டு குமிழ்களும். ஆனால் அது எந்த வண்டியில் முழுதாகப் பலிக்கும், எதில் பாதி பலிக்கும், எதில் பலிக்கவே பலிக்காது என்பதெல்லாம் உள்ளே பல்சக்கரங்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறையைப் பொறுத்தது. கிட் வாங்கக் காசை எண்ணும் முன் பார்க்கவேண்டியது அதைத்தான்.

முதலில், இந்த ஆசை ஏன் வருகிறது?

பழைய வகை நான்கு சக்கர இயக்க வண்டிகளில் முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. முன் ஆக்ஸிலைச் சேர்த்துவிட்டால் இரண்டு புரொப்பெல்லர் ஷாஃப்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். நேர்ப்பாதையில் இதனால் தொல்லை இல்லை, வளைவில்தான் சிக்கல். ஜீப் சிஜே-7 வண்டியின் வீல்பேஸ் ஏறத்தாழ 2.37 மீட்டர். பின் ஆக்ஸிலின் நடுப்புள்ளி 4.5 மீட்டர் ஆரத்தில் திரும்பினால், முன் ஆக்ஸிலின் நடுப்புள்ளி ஏறக்குறைய 5.09 மீட்டர் ஆரத்தில் போயாக வேண்டும். கால் வட்டம் திரும்பி முடிப்பதற்குள் பின் ஆக்ஸில் 7 மீட்டரைச் சற்றே தாண்டியிருக்கும், முன் ஆக்ஸில் 8 மீட்டரைத் தொட்டிருக்கும். இந்த ஒரு மீட்டர் வித்தியாசத்தை யாராவது ஏற்றுக்கொள்ள வேண்டும். சேற்றிலும் மணலிலும் டயர் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த பாறையில் டயர் பிடித்த பிடியை விடாது. முறுக்கு ஷாஃப்டுகளுக்குள்ளும் பற்களுக்குள்ளும் சேர்ந்துகொண்டே போகும். ஸ்டீயரிங் கனக்கும். முழுக்க ஒடித்துத் திருப்பிய நிலையில் இருக்கும் முன் ஆக்ஸிலின் கிராஸ்கள்தான் (யுனிவர்சல் ஜாயின்ட்) பெரும்பாலும் முதலில் உடையும்.

கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் ஓடும் ரூபிகான் டிரெயிலும், யூட்டா மாநிலத்து மோவாப்பின் வழவழப்பான மணற்கல் பாறைகளும் இந்தப் பாடத்தை வண்டிக்காரர்களுக்குக் கற்றுக்கொடுத்த இடங்கள். மோவாப்பில் 1967 முதல் ஈஸ்டர் ஜீப் சஃபாரி நடந்துவருகிறது. அங்கே பாறைக்கு நல்ல பிடிப்பு உண்டு, பாதை குறுகல், திருப்பமோ கொண்டை ஊசி. லோ ரேஞ்சின் நிதானமும் வேண்டும், முன் ஆக்ஸில் மல்லுக்கட்டவும் கூடாது. இதற்கு விடைதான் பின் சக்கரங்கள் மட்டும் லோவில் ஓடும் நிலை. ஆங்கிலத்தில் டூ-லோ என்பார்கள். கனமான டிரெய்லரைக் குறுகலான முற்றத்தில் பின்னோக்கித் தள்ளி நிறுத்துகிறவர்களுக்கும் இதே நிலைதான் கைகொடுக்கிறது.

இரண்டாவது ஆசை இன்னும் சுவாரசியமானது. பின் ஆக்ஸிலை நியூட்ரலில் போட்டு, பின் சக்கரங்களை மட்டும் பிரேக்கால் இறுக்கிப் பிடித்து, ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி, முன் ஆக்ஸிலை லோவில் ஓட்டினால், வண்டியின் மூக்கு பக்கவாட்டில் இழுபட்டுப் போகும். நின்ற பின் சக்கரங்களையே மையமாக வைத்து வண்டி சுழலும். ராக் கிராலிங் போட்டிக்காரர்கள் இதை ஃபிரண்ட் டிக் என்கிறார்கள். உழுது முடித்த வரப்போரம் டிராக்டரை ஒரு பக்கத்துப் பின் பிரேக்கை மட்டும் மிதித்துத் திருப்புகிறாரே உழவர், அந்தத் தந்திரத்தின் உறவுக்காரத் தந்திரம்தான் இதுவும்: ஒரு சக்கரத்தைத் தடுத்து நிறுத்தி, ஓடும் சக்கரத்தை வைத்து வண்டியைத் திருப்புவது. இந்தப் போட்டிகளில் ரிவர்ஸ் எடுத்தாலே தண்டனைப் புள்ளி விழும். அதனால் முன்னே பின்னே போய் வராமல் ஒரே மூச்சில் திரும்பத் தெரிந்தவருக்கு அது நேரடி லாபம்.

இனிப் பெட்டியைத் திறக்கலாம்.

வில்லிஸ் எம்பியிலும், அதன் பிறகு வந்த சிஜே வரிசையின் தொடக்ககால வண்டிகளிலும் இருந்தது ஸ்பைசர் 18 என்ற கேஸ். டானா 18 என்று சொன்னால்தான் பலருக்குத் தெரியும். எம்பியில் இதன் லோ விகிதம் 1.97. இதன் அமைப்பில் ஹை, லோ இரண்டும் பின் அவுட்புட் ஷாஃப்டில்தான் முடிவாகின்றன. முன் அவுட்புட் அதனோடு ஒரு ஸ்லீவ் வழியாகச் சேரும் அல்லது விலகும், அவ்வளவுதான். ஆகவே இடையிலிருக்கும் தடுப்புத் துண்டை எடுத்துவிட்டால் பின் சக்கரம் மட்டும் லோவில் ஓடும். ஆனால் முன் சக்கரத்தை மட்டும் ஓட்டுவது, தலைகீழாக நின்றாலும், நடக்காது. முன் அவுட்புட்டுக்கு வரும் சக்தியே பின் அவுட்புட்டைச் சுற்ற வைத்துவிட்டுத்தான் வருகிறது. இரண்டு லீவர் இருந்தும் உண்மையில் தனித்தனி ஆட்சி இல்லாத கேஸ் இது.

அந்தத் தடுப்பை வைத்ததற்குக் காரணமும் இருந்தது. எம்பியின் எஞ்சின் தந்த முறுக்குவிசை சுமார் 142 நியூட்டன் மீட்டர். முதல் கியரின் 2.66-ஐயும் லோவின் 1.97-ஐயும் பெருக்கினால் கேஸிலிருந்து வெளியே வருவது 740-க்கும் மேல். முன் ஆக்ஸில் சேர்ந்திருந்தால், பிடிப்பைப் பொறுத்து இரண்டு ஆக்ஸிலும் அதைப் பகிர்ந்துகொள்ளும். முன் ஆக்ஸில் விலகியிருந்தால் முழுச் சுமையும் பின் ஆக்ஸிலின் தலையில். போர்க்களத்தில் பதறிய கையோடு ஓட்டுகிற சிப்பாய் அந்த நிலைக்குப் போய்விடக் கூடாது என்று வடிவமைத்தவர்கள் நினைத்தது நியாயமான முன்யோசனை. இன்றைக்குத் துண்டைக் கழற்றுகிறவரும் இதே கணக்கைத் தன் வண்டிக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இந்தியச் சாலைகளில் இந்தக் குடும்பத்தை நெடுநாள் ஓடவிட்டது மகிந்திரா நிறுவனம். 1940-களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்களைக் கோர்த்துக் கொடுக்கத் தொடங்கிய அந்நிறுவனம், பின்பு சிஜே-3பி வடிவத்தை உரிமம் பெற்றுப் பல பத்தாண்டுகள் இங்கேயே தயாரித்தது. தமிழ்நாட்டு மலையடிவாரங்களில் எஸ்டேட் ஜீப் ஓட்டிப் பழகிய மூத்த ஓட்டுநர்களுக்கு, கியர் லீவருக்குப் பக்கத்தில் நிற்கும் அந்தக் குட்டைக் கம்பிகளைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

டானா 20 வந்ததும் உள்ளமைப்பே மாறியது. முன் அவுட்புட்டுக்கு ஒரு நகரும் பல்சக்கரம், பின் அவுட்புட்டுக்கு ஒன்று. ஒவ்வொன்றையும் தள்ள ஒரு ஷிஃப்ட் ரெயில், அதாவது உருண்டையான உருக்குத் தண்டு. 1966 முதல் 1977 வரை வந்த முதல் தலைமுறை ஃபோர்டு பிராங்கோவிலும், 1970-களின் சிஜே ஜீப்களிலும் இருந்தது இதுதான். அதன் வாரிசான டானா 300, 1980-இலிருந்து 1986 வரை சிஜே ஜீப்களில் வந்தது. லோ விகிதம் 2.62. வார்ப்பிரும்புக் கூடு, முழுக்க கியரால் இயங்குவது, சங்கிலி இல்லை. இரட்டை லீவர் போட விரும்புகிறவர்கள் இன்றும் பழைய இரும்புக் கடைகளில் முதலில் தேடுவது இதைத்தான். ஃபோர்டு, ஜிஎம், டாட்ஜ் ஆகிய மூன்று நிறுவனங்களின் கனமான பிக்கப்களிலும் ஓடிய நியூ பிராசஸ் 205 என்ற கேஸும் இதே குணம் உள்ளது. எடை அதிகம், லோ விகிதம் வெறும் 1.96. ஆனால் உடைப்பதுதான் கஷ்டம்.

டானா 300-இல் நிறுவனம் கொடுத்தது ஒற்றை லீவர்தான். அந்த ஒரே கம்பி இரண்டு ரெயில்களையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளி, பின் ஆக்ஸில் ஹை, நான்கு சக்கர ஹை, நியூட்ரல், நான்கு சக்கர லோ என்று வரிசையாகக் கொண்டுபோகும். இரண்டு ரெயிலும் பக்கம் பக்கமாகப் படுத்திருக்க, நடுவே குறுக்காகத் துளைத்த ஒரு துவாரத்தில் மாத்திரை வடிவத்தில் அந்த உருக்குத் துண்டு கிடக்கும். மெக்கானிக்குகள் அதைச் செல்லமாக பில் என்பார்கள். ஒரு ரெயில் குறிப்பிட்ட இடத்தை விட்டு நகர்ந்தால் பில் மறுபக்கம் தள்ளப்பட்டு, அடுத்த ரெயிலில் வெட்டியிருக்கும் பள்ளத்தில் போய் உட்கார்ந்து அதைப் பூட்டிவிடும். முழு ரகசியமும் இந்தப் பில்லின் நீளத்தில்தான். சில மில்லிமீட்டர் குறைத்தால் இரண்டு ரெயிலும் பல நிலைகளில் ஒன்றையொன்று தடுக்காமல் நகரும்.

வேலை செய்யும் முறை பார்க்க எளிது. அடித்தகட்டைக் கழற்றி, எண்ணெயை வடித்து, பழைய லீவரை எடுத்து, ரெயிலை உருவ வேண்டும். உருவும்போது ஒவ்வொரு ரெயிலையும் அதனதன் நிலையில் பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங்கும் உருண்டையும் துள்ளி வெளியே வரும். கை வைத்து மறைக்காவிட்டால் உருண்டை எங்கேயாவது ஓடிவிடும், அல்லது கேஸுக்குள்ளேயே விழுந்து கிடக்கும். பில்லை ஒரு காந்தக் குச்சியால் எடுத்து, கிரைண்டரில் கொஞ்சம் தேய்த்து, முனையை மறுபடி உருட்டி மழுக்கி, திரும்ப உள்ளே போட வேண்டும். ரெயில் சீலை அப்போதே மாற்றிவிடுவது நல்லது. பழைய சீலோடு மூடிய கேஸ் சில நாட்களிலேயே எண்ணெய் கசியும். கடைசியாக ஒவ்வொரு ரெயிலுக்கும் ஒரு லீவர். ஜேபி கன்வர்ஷன்ஸ், நோவாக் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் இதற்கான லீவர்த் தொகுப்புகளை விற்கின்றன.

சிலர் தேய்க்கிற சிரமத்தையும் விட்டுவிட்டு பில்லை அடியோடு எடுத்துவிடுகிறார்கள். இதைத் தவிர்த்தே ஆக வேண்டும். தடுப்பே இல்லாத கேஸில் முன் ஆக்ஸில் ஹையிலும் பின் ஆக்ஸில் லோவிலும் ஒரே நேரத்தில் சேர முடியும். அப்போது ஒரு ஆக்ஸில் இன்னொன்றைவிட 2.62 மடங்கு வேகமாகச் சுற்ற முயலும், ஆனால் நான்கு சக்கரமும் ஒரே தரையில் நிற்கின்றன. கிளட்ச்சை விட்ட கணத்தில் எது பலவீனமோ அது உடையும்: கிராஸ், ஷாஃப்ட், கியர்ப் பல். வண்டி நண்பர்களோடு கூடி நின்று பேசும்போது யாராவது ஒரு குமிழை விளையாட்டாகத் தள்ளிவிட்டால்கூட இது நேரலாம். ஹை-லோ கலப்பை மட்டும் தடுத்து மற்றவற்றை அனுமதிக்கும் அளவுக்குப் பில்லைச் சுருக்குவதே சரியான வேலை.

1980-களின் பிற்பாதியிலிருந்து காற்று வேறு பக்கம் வீசியது. ஜீப் ரேங்ளர் ஒய்ஜே, டிஜே, செரோக்கி ஆகியவற்றில் வந்த நியூ பிராசஸ் 231 கேஸில் அலுமினியக் கூடு, முன் ஆக்ஸிலுக்குச் சக்தி கொண்டுபோக ஒரு சங்கிலி, லோவுக்கு ஒரு கோள்-கியர் தொகுதி. லோ விகிதம் 2.72. சத்தம் குறைவு, எடை குறைவு, பெட்ரோலும் மிச்சம். ஆனால் இதில் ஹை-லோ தேர்வு முதலிலேயே நடந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நடுத் தண்டு நேராகப் பின் ஆக்ஸிலுக்குப் போகிறது. முன் ஆக்ஸில் அந்தத் தண்டிலிருந்துதான் சங்கிலி வழியே சக்தி எடுக்கிறது. அதனால் டானா 18 கதைதான் இங்கேயும்: டூ-லோ முடியும், முன் சக்கரம் மட்டும் என்பது முடியாது. நிலை மாற்றும் இரண்டு ஃபோர்க்குகளையும் ஒரே வளைவுத் தகடு நகர்த்துவதால், ரெயில்களுக்குத் தனி லீவர் மாட்டும் எளிய வழியும் இல்லை. டூ-லோவுக்கென்றே டெராஃப்ளெக்ஸ் நிறுவனம் ஒரு மாற்றுத் தொகுப்பு கொடுத்தது.

டொயோட்டா ஹைலக்ஸ், சுசுகி சாமுராய் வகைகளின் கியர் கேஸ்களுக்கும் இரட்டை லீவர் தொகுப்புகள் உண்டு. அவற்றில் சாதாரணமாகக் கிடைப்பது டூ-லோ. சாமுராயின் இந்தியச் சகோதரன் மாருதி ஜிப்சி 1985-இல் வந்து, அண்மைக்காலம் வரை ராணுவத்திலும் காவல் துறையிலும் காட்டு சஃபாரிகளிலும் ஓடியது. கோவாவின் மழைக்காலச் சேற்றில் 2014 முதல் நடக்கும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டியில் மாற்றியமைத்த ஜிப்சிகளை நிறையப் பார்க்கலாம். சேறு வேறு, பாறை வேறு என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். சேற்றில் முறுக்கு தானாக அவிழ்ந்துவிடும் என்பதால் டூ-லோவுக்கு அவ்வளவு தேவை இல்லை. வின்ச்சும் டிஃபரன்ஷியல் லாக்கரும்தான் அங்கே முதல் செலவு.

இன்னொரு உண்மையைப் பல தொகுப்பு விற்பனையாளர்கள் பெரிதாகச் சொல்வதில்லை. முன் சக்கரங்களில் கையால் திருகும் லாக்கிங் ஹப் இருக்கும் வண்டிகளில், டூ-லோ ஒரு ரூபாய் செலவில்லாமல் ஏற்கெனவே இருக்கிறது. இறங்கிப் போய் இரண்டு ஹப்பையும் திறந்துவிட்டு, கேஸை நான்கு சக்கர லோவில் போட்டால் போதும். முன் ஷாஃப்ட் சும்மா சுற்றும், சக்கரத்துக்குச் சக்தி போகாது. வீட்டு முற்றத்தில் டிரெய்லர் தள்ளுகிறவருக்கு இது தாராளம். வளைவுக்கு வளைவு இறங்கி ஏற முடியாத பாறைப் பாதைக்காரருக்குத்தான் லீவர் தேவை. அதேபோல, பின் புரொப்பெல்லர் ஷாஃப்ட் உடைந்தால் முன் ஆக்ஸிலை வைத்து வீடு வந்து சேரலாம் என்பதும் இரட்டை லீவரின் தனிப் பெருமையல்ல. உடைந்த ஷாஃப்டைக் கழற்றிவிட்டு நான்கு சக்கர நிலையில் போட்டால் ஒற்றை லீவர் கேஸும் வரும். 231-இல் பின் ஷாஃப்டை உருவினால் கேஸின் எண்ணெய் அந்த வாய் வழியாகக் கொட்டும் என்பதுதான் அதில் உள்ள தொல்லை. ஆக, கேஸுக்குள் கை வைத்தால் மட்டுமே கிடைக்கும் பேறு ஃபிரண்ட் டிக் ஒன்றுதான். அதை உண்மையில் பயன்படுத்தப் போகிறவர் யார் என்று கேட்டுக்கொண்டால் பாதிப் பேருடைய செலவு மிச்சமாகும்.

அந்தப் பயனை முழுதாக வேண்டுகிறவர்களுக்குப் பழைய கேஸைத் தோண்டாமலே ஒரு வழி வந்தது. கலிஃபோர்னியாவின் அட்வான்ஸ் அடாப்டர்ஸ் நிறுவனம் 1990-களில் அட்லஸ் கேஸைக் கொண்டுவந்தது. இரண்டு லீவரும் பிறவியிலேயே உண்டு, முன்னும் பின்னும் தனித்தனியாக இயங்கும். லோ விகிதத்தை 2-இலிருந்து 5 வரை பல படிகளில் வாங்குகிறவரே தேர்ந்தெடுக்கலாம். வசதி பெரிது, ஆனால் எச்சரிக்கையும் கூடவே வரும். 300 நியூட்டன் மீட்டர் எஞ்சின், 4 என்ற முதல் கியர், 4.3 என்ற லோ, மூன்றையும் பெருக்கினால் 5,160. போர்க்கால ஜீப்பின் ஏழு மடங்கு. முன் சக்கரம் மட்டும் ஓடும்போது இத்தனையும் போய்ச் சேர்வது ஸ்டீயரிங் ஒடித்த நிலையில் இருக்கும் இரண்டு முன் ஷாஃப்டுகளுக்கு. அதனால்தான் டிக் போடுகிறவர்கள் கேஸில் கை வைப்பதற்கு முன்பே முன் ஆக்ஸிலைப் பலப்படுத்துகிறார்கள்: தடித்த ஷாஃப்ட், பெரிய கிராஸ். கூடவே, பின் சக்கரங்களை மட்டும் பிடிக்கும் தனி பிரேக் லீவர்.

கார் நிறுவனங்களும் அதே திருப்பத்தை வேறு வழியில் தேடின. டொயோட்டா லேண்ட் க்ரூசர் 200-இலும், 2021-இல் வந்த புதிய ஃபோர்டு பிராங்கோவிலும், வளைவின் உள்பக்கப் பின் சக்கரத்தைக் கணினியே பிரேக் பிடித்து நிறுத்தி வண்டியைச் சுருக்கமாகத் திருப்புகிறது. 2024-இல் வந்த மகிந்திரா தார் ராக்ஸிலும் இன்டெல்லிடர்ன் என்ற பெயரில் இந்த வசதி உண்டு. அதே ஆண்டு வந்த மின்சார மெர்சிடிஸ் ஜி 580-இல் நான்கு சக்கரத்துக்கும் நான்கு மோட்டார். ஒவ்வொன்றுக்கும் தனி லோ கியர். நின்ற இடத்திலேயே அது பம்பரம் போலச் சுற்றும். டிரான்ஸ்ஃபர் கேஸே இல்லாத வண்டி அது. ஆனாலும் பழைய வண்டியை வைத்திருப்பவருக்கு இவை எதுவும் பதிலாகாது. கையால் தள்ளும் ரெயிலில் சென்சாரும் இல்லை, மென்பொருளும் இல்லை. நடுக்காட்டில் பழுதானால் ஸ்பேனர் போதும்.

இந்தியாவில் செய்ய நினைப்பவர் சட்டத்தையும் ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றம் 2019-இல் அதை உறுதிசெய்தது. கேஸுக்குள் பில்லைத் தேய்ப்பதும், வேறொரு கேஸையே கொண்டுவந்து பொருத்துவதும் ஒன்றல்ல. இரண்டாவது வகை வேலைக்கு முன் ஆர்டிஓ அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுத் தெளிவது நல்லது.

வேலை முடிந்து, லீவர்கள் பூட்டி, எண்ணெய் ஊற்றிய பிறகு வண்டியை உடனே சாலைக்கு எடுக்கக் கூடாது. நான்கு சக்கரமும் தரையைத் தொடாதபடி வலுவான ஸ்டாண்டுகளில் ஏற்றி, எஞ்சினை அணைத்தே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சேர்க்கையையும் கையால் போட்டுப் பார்க்க வேண்டும். பின் லோவில், முன் நியூட்ரலில்: முன் ஷாஃப்டைக் கையால் சுற்றினால் தாராளமாகச் சுற்ற வேண்டும். முன் லோவில், பின் நியூட்ரலில்: இப்போது பின் ஷாஃப்ட் சுற்ற வேண்டும். இரண்டும் லோவில், இரண்டும் ஹையில். கடைசியாக, பின்னை லோவில் வைத்துவிட்டு முன் லீவரை ஹைக்குத் தள்ளிப் பார்க்க வேண்டும். லீவர் போகாமல் நின்றால் பில் சரியான நீளத்தில் இருக்கிறது. போய் விழுந்தால் எண்ணெயை மறுபடி வடித்து, ரெயிலை மறுபடி உருவி, நீளமான ஒரு புது பில்லோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.